கடலிற் புகும் நீர் வீண்நீரோ?

இவ்வாண்டு நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. "ஆற்றுநீரில் ஒரு துளியும் கடலுக்குச் செல்ல விடலாகாது" என்பது பொருள். ஒட்டிப் பேசியோர் மூவர். வெட்டிப் பேசியோர் மூவர். ஒட்டிப் பேசியவருள் ஒருவர், "பொருநை பெற்ற பொன்னையெல்லாம் உப்புக்கடலில் வாரியிறைக்கின்றோம்" என்று முழங்கியபோது மண்டபம் அதிரக் கைதட்டினர். யானும் தட்டினேன். வெட்டிப் பேசியோர்க்குச் சொல்லக் கிடைத்தது சிறிது. அதனையும் அவர் தயங்கித் தயங்கியே சொன்னார். தீர்ப்பும் ஒட்டினோர்க்கே ஆயிற்று.

அன்று மாலை, 1843இல் சுலோசன முதலியார் தம் கைப்பொருள் கொண்டு கட்டுவித்த பாலத்தின்மேல் நடந்து வந்துகொண்டிருந்தேன். கீழே ஆறு மெலிந்து, பாறைகளைச் சுற்றி ஒழுகிக்கொண்டிருந்தது. 'இந்நீர் கடலுக்குப் போகாவிடின், கடற்கரையிலுள்ள என் ஆச்சி வீட்டுக் கிணறு என்னாகும்?' என்னும் எண்ணம் அப்பொழுதே தோன்றியது. கைதட்டுமுன் தோன்றியிருக்க வேண்டிய எண்ணம் அது. காலங்கடந்து தோன்றியதனால் மேடையிற் சொல்லவேண்டியதை ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் என் நிலையை மறையாது கூறிவிடுதல் முறை. என் தந்தையார் ஊர் சாத்தான்குளத்துப் பக்கத்துத் தேரிக்காட்டில் உள்ளது. செம்மணலும் பனையுமே அவ்வூரின் செல்வம். என் தாத்தா பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சியவர். ஒரு குடம் நீருக்கு அவர் வீட்டுப் பெண்கள் நடந்த தூரத்தை இன்றும் கதையாகச் சொல்லுவர். என் தாயார் ஊரோ, பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலுக்கு அணித்தாயது. ஒரு பக்கத்தார் ஆற்றுநீரைத் தம் பக்கம் திருப்புக என்பர். மறுபக்கத்தார் அதனைத் தம்மிடம் வரவிடுக என்பர். இரு பக்கத்தாரும் என் உறவினரே. ஆகலின் இவ்வழக்கில் ஒருதலையாகப் பேச எனக்கு உரிமையும் இல்லை, மனமும் இல்லை.

ஒட்டிப் பேசியோர் கட்சி எளிதில் தள்ளத்தக்கதன்று. பொதிய மலையிற் பிறந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவே ஓடும் இச்சிற்றாறு, தென்மேல் பருவமழையும் வடகீழ்ப் பருவமழையும் பெறுதலால் வற்றாத நதியெனப் பெயர்பெற்றது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் இதனைத் தடுத்து வாய்க்கால்களிற் செலுத்துகின்றன. ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலம் காரும் பிசானமும் விளைவது இவற்றால். நதியுண்ணி என்னும் பெயரை நோக்குக! ஆற்றையே உண்பது என்று ஓர் அணைக்குப் பெயரிட்டவர் நீரைச் சேமிக்கும் வேட்கையில் நமக்குச் சிறிதும் இளைத்தவரல்லர். அணை கட்டுதல் தவறென்று கூறுவோன் தான் உண்ட சோற்றை மறந்தவனாவான். யான் அவ்வாறு கூற வரவில்லை.

யான் மறுப்பது 'வீண்' என்னும் ஒரு சொல்லையே. பத்திரிகைகளிலும் மேடைகளிலும் "இத்தனை கன அடி நீர் வீணாகக் கடலிற் கலந்தது" என்று படித்தும் கேட்டும் நம் செவி பழகிவிட்டது. ஒரு பொருள் வீணாயிற்று என்று கூறவேண்டுமாயின், அது சென்றவிடத்தில் யாதொரு பணியும் செய்யவில்லை என்பதனை முதலில் ஆராய்ந்து காணல் வேண்டும். அவ்வாராய்ச்சியைச் செய்தவர் யார்? செய்யாமலே தீர்ப்புக் கூறுவது நியாயமாகுமா?

கடலிற் புகும் நீர் செய்யும் பணிகளுள் நான்கினை மட்டும் கூறுவேன்.

முதலாவது, உவரைத் தடுத்தல். ஆற்றுநீர் தக்க அளவில் கழிமுகத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு வருங்காலத்துக் கடல்நீர் ஒதுங்கி நிற்கும். ஆற்றின் வலி குன்றினால் அலைவாய் நீர் உள்ளே ஏறும். நிலத்தடியிலும் அவ்வாறே நன்னீர் பின்வாங்க உவர்நீர் முன்வரும். இது பூதநூலறிவு வேண்டாத செய்தி. என் ஆச்சி அதனை நாவால் அறிவார். மழை பொய்த்த ஆண்டின் கோடையில் அவர் வீட்டுக் கிணற்றுநீரிற் பருப்பு வேகாது. அவ்வாண்டு அவர் விருந்தினர்க்குக் கொடுக்கும் காப்பியில் உப்பும் இருக்கும். அதனை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அணையில் ஒரு துளியும் வீணாகாது காத்தோம் என்று மேலூரார் மகிழுமிடத்துக் கீழூரார் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரியின்பின் ஓடுவதும் அந்நீர்க்கணக்கில் எழுதப்பட வேண்டுமன்றோ?

இரண்டாவது, மண் சேர்த்தல். தாலமி என்னும் யவன ஆசிரியரும் அறிந்திருந்த கொற்கைத் துறைமுகம் இன்று கடலினின்று பல கிலோமீட்டர் உள்ளே வயல்நடுவில் ஒரு சிற்றூராய்க் கிடக்கின்றது. பொருநை கொணர்ந்த வண்டலே கடலைத் தள்ளி, கொற்கையைக் கைவிட்டுக் காயலுக்கு வாணிகத்தைக் குடிபெயர்த்தது என்பதனைக் கால்டுவெல் ஐயர் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் விளக்கியிருக்கின்றார். ஆறு துறைமுகத்தை அழித்தது என்று இதனைக் கூறலாம். ஆறு நிலத்தைப் பெற்றெடுத்தது என்றும் கூறலாம். அவ்வண்டல் வாராதொழியின் நேர்வது யாதென்பதற்கு நைல் நதி சான்று. எகிப்தில் அசுவான் பேரணை 1970இல் முடிவுற்றபின், ஆண்டுதோறும் எத்தியோப்பிய மலைகளினின்று வந்த வண்டல் அணையின் நீர்த்தேக்கத்திலேயே தங்கிற்று. ரொசெட்டாக் கழிமுகத்தருகே கடல் கரையை அரித்தல் மிகுந்தது. நாமோ அணைகளில் வண்டலைத் தேக்குவதோடு அமையாது, ஆற்றின் மணலையும் அள்ளியவர்கள். பொருநையில் மணல் எடுத்தலை 2010இல் உயர்நீதிமன்றம் தடை செய்யவேண்டி வந்தது.

மூன்றாவது, மீனை வளர்த்தல். நம் கழிமுகங்களிற் பிடிபடும் கொடுவா மீனை அறியாதார் இலர். இதே மீன் ஆஸ்திரேலியாவின் வடபகுதி ஆறுகளிலும் வாழ்கின்றது. அங்கு அதனைப் பாரமுண்டி என்பர். அது கழிமுகத்து உவர்நீரில் முட்டையிடும். குஞ்சுகள் மழைக்கால வெள்ளத்தோடு தாழ்நிலங்களிற் பரவி இரைதேடி வளரும். ஆற்றில் நன்னீர் மிகுதியாக வந்த ஆண்டுகளிற் பிறந்த குஞ்சுகளே பிற்காலத்தில் மிகுதியாகப் பிடிபடுகின்றன என்பதனை அந்நாட்டு ஆராய்ச்சியாளர், மீனின் செவிக்கல்லில் உள்ள ஆண்டு வளையங்களை எண்ணிக் கண்டறிந்தனர். அந்நாட்டுக் கார்ப்பெண்டேரியா வளைகுடாவில் ஒருவகை இறாலின் மிகுதியும் குறைவும் மழையளவைப் பின்பற்றிச் செல்லுகின்றன. நைல் வெள்ளம் நின்றபோது, 1962இல் ஏறத்தாழ 18,000 டன் கிடைத்த மத்தி மீன் சில ஆண்டுகளிற் சில நூறு டன்னாகக் குறைந்தது. பின்னர் அக்கடலில் மீன் மீண்டும் பெருகிற்று என்பதும் உண்மையே. ஆயின் அப்பெருக்கம் பெரும்பாலும் நகரங்களின் சாக்கடையும் வயல்களின் உரமும் கடலிற் சேர்ந்ததனால் ஆயது என்று ஆராய்ந்தோர் கூறுவர். இழந்த வண்டலுக்கு இது தக்க ஈடென்று யான் கருதவில்லை.

மீன்கள் கீழிருந்து மேலேறுவதும் இப்பகுதியிற் சேரும். விலாங்கு பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று பழமொழி கூறுவோம். அவ்விலாங்கு ஆற்றில் வளர்ந்து, முட்டையிடுதற்குக் கடலுக்குச் செல்லுகின்றது. அதன் குஞ்சுகள் கடலினின்று ஆற்றுக்கு மீள்கின்றன. அணைக்கட்டுகள் மீன்களின் ஏறுவழியை மறிக்கின்றன என்பதனைச் சென்னைப் படைப்பிரிவு மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே என்பார் இந்திய நன்னீர் மீன்களைப் பற்றிய தம் 1873ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எடுத்துக்காட்டினார். அவ்வெச்சரிக்கைக்கு நூறாண்டு கழித்து, 1975இல் கங்கையின்மீது பராக்கா அணை திறக்கப்பட்டது. அலகாபாத்து வரையில் ஏறிவந்த உல்லம் மீன் மேற்பகுதி ஆற்றில் ஏறத்தாழ மறைந்தேபோயிற்று. அறியாமையால் நேர்ந்த இழப்பென்று இதனைச் சொல்ல இயலாது. அறிந்தவர் எழுதிவைத்ததை வினைசெய்வோர் படிக்கவில்லை.

நான்காவது, ஆற்றைத் தூய்மை செய்தல். நகரங்கள் விடும் கழிவினைக் கலைத்துக் கரைத்துக் கொண்டுபோவது ஓடும் நீரே. நீர் குறைந்து கழிவு குறையாதிருப்பின் ஆறு சாக்கடையாகும். இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாலத்தினின்று கீழே நோக்குவார் கண்ணே காணும்.

இங்கே ஒருவர் எழுந்து, "வெள்ளத்தையும் புகழ்வீரோ? 2023ஆம் ஆண்டு டிசம்பரை மறந்தீரோ?" என்று வினவலாம். மறக்கவில்லை. அம்மாதம் 17, 18 ஆகிய நாட்களிற் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில்வண்டி நின்றது. நூற்றுக்கணக்கான பயணிகள் நீர்சூழத் தங்கினர். குளங்கள் உடைந்தன. என் ஆச்சி வீட்டில் இடுப்பளவு நீர் நின்ற கறை இன்றும் சுவரில் இருக்கின்றது. வெள்ளையடிக்கும்போது அவ்வொரு கோட்டை மட்டும் அழிக்கவேண்டாம் என்று அவர் தடுத்துவிட்டார். உயிரும் உடைமையும் கொண்டுபோன வெள்ளத்தைப் புகழ்வது மனிதத்தன்மை ஆகாது.

ஆயின் அவ்வெள்ளத்தினின்று யான் கற்றது, ஒரு துளியும் கடலுக்குச் செல்லாமற் செய்ய எவ்வணைக்கும் இயலாது என்பதே. என்றேனும் ஒருநாள் ஆறு தன் வழியைக் கேட்கும். வழியை விட்டுவைத்தவன் நனைவான்; அடைத்துவைத்தவன் மூழ்குவான். ஆண்டுதோறும் வரும் அளவான வெள்ளம் வேறு; நூற்றாண்டில் ஒருமுறை வரும் பேரூழி வேறு. முன்னதை விலக்கினாற் பின்னது வாராதென்பது மயக்கம்.

அளவான வெள்ளத்தின் பயனுக்குக் கம்போடிய நாட்டுத் தொன்லே சாப் ஏரியினும் சிறந்த சான்று இல்லை. மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகுங்கால், அவ்வேரியினின்று ஆற்றுக்கு ஓடும் கால் திசைமாறி, ஆற்றினின்று ஏரிக்கு ஓடுகின்றது! கோடையில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஏரி அப்பொழுது 15,000 சதுர கிலோமீட்டர் அளவிற்கு விரிகின்றது. மூழ்கிய காட்டினுள் மீன்கள் புகுந்து இரையுண்டு பருக்கின்றன. நீர் வடியுங்கால் அவை ஆற்றிற்கு மீள, அந்நாட்டார் வலைவிரித்து ஆண்டு முழுதுக்கும் உணவு தேடிக்கொள்கின்றனர். அந்நாட்டார்க்கு வெள்ளம் வாராத ஆண்டே பஞ்ச ஆண்டு. இப்பொழுது மீகாங்கின் மேற்பகுதியில் எழுந்துள்ள அணைகளால் அவ்வெள்ளத்தின் பருவமும் அளவும் மாறுகின்றன என்னும் கவலை அங்கு வளர்ந்துவருகின்றது.

இதனினும் ஆழமான செய்தி ஒன்று உண்டு. வெப்பநாட்டு ஆறு குளிர்நாட்டு ஆற்றின் இயல்புடையதன்று. 1980இல் வானோட் என்பாரும் அவர் துணைவரும் வகுத்த, மலையிலிருந்து கடல்வரை ஆற்றுயிர்கள் படிப்படியே மாறுவதைக் கூறும் புகழ்பெற்ற கொள்கை, வட அமெரிக்கக் குளிர்நிலக் காட்டோடைகளைக் கண்டு வகுக்கப்பட்டது. அமேசானை ஆராய்ந்த யுங்க் என்பாரும் பெய்லி, ஸ்பார்க்ஸ் என்னும் இருவரும் 1989இல், பெரிய ஆறுகளின் வாழ்வுக்கு அடிப்படை கரைகடந்து பரவி மீளும் வெள்ளத் துடிப்பே என்னும் மற்றொரு கொள்கையை நாட்டினர். ஆற்றைக் கரைகளுக்கிடையே ஓடும் நீர் என்று மட்டும் கருதுவது பிழை என்பதும், அது பரவும் நிலமும் ஆறே என்பதும் அதன் கருத்து. நம் வயலும் குளமும் பண்டைக்காலத்தில் அவ்வாறு ஆறு பரவிய நிலங்களே. புதுவெள்ளம் வந்தவுடன் கெண்டையும் கெளுத்தியும் மடைவழி ஏறுவதைக் கண்டு பறி வைக்கும் சிறுவரும் அக்கொள்கையைத் தம்மையறியாமல் ஒப்புக்கொண்டவரே.

குளிர்நாட்டு அளவைகளை அப்படியே எடுத்தாளுதல் தீங்கு பயக்கும் என்பதற்கு ஓர் எளிய கணக்கைக் காண்க. 10 பாகை வெப்பமுள்ள தூயநீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்துக்கொள்ளும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராம் அளவே கொள்ளும். வெப்பம் மிகுந்தவிடத்து மீனுக்கு மூச்சு மிகுதியாக வேண்டும். கழிவும் விரைந்து அழுகி உயிர்வளியை உண்டுவிடும். வரவு குறைந்து செலவு மிகும் குடும்பத்தின் நிலை இது. ஆகவே ஐரோப்பிய ஆறு ஒன்று தாங்கும் கழிவினை நம் ஆறும் தாங்கும் என்று எண்ணுவது, பனைமரத்திற்கு ஆப்பிள் மரத்தின் உரக்கணக்கை எழுதுவது போலாம்.

இவ்வாராய்ச்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. மலையோடைகளின் வேகத்தில் மீன்கள் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் திறத்தைச் சுந்தர்லால் ஹோரா என்னும் அறிஞர் ஆராய்ந்து 1930இல் வெளியிட்ட கட்டுரையை இன்றும் உலகம் போற்றுகின்றது. பொருநையிலன்றி வேறெங்கும் இயல்பாகக் காணப்படாத ஒரு கெண்டையினத்தை 1954இல் சைலஸ் என்பார் வகைப்படுத்தி, இவ்வாற்றின் பெயராலேயே வழங்கினார். நம் ஆற்றின் பெயரைத் தாங்கிய மீன் ஒன்று உண்டென்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்? இவ்வாறு எழுதும் யானே சென்ற ஆண்டுவரை அறியேன்.

இனி, செய்யத்தக்கது யாது? என் கருத்து இது. நீரைப் பங்கிடுங்கால் வயலுக்கு ஒரு பங்கு, ஊருக்கு ஒரு பங்கு, ஆலைக்கு ஒரு பங்கு என்று கொடுத்தபின் எஞ்சியதை 'உபரி' என்கின்றோம். ஆற்றுக்கென ஒரு பங்கினை முதலிற் குறித்துவிட்டு, அதன்பின் எஞ்சுவதையே உபரியெனக் கொள்ளல் வேண்டும். 2007இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிற் கூடிய பன்னாட்டு ஆற்றறிஞர் வெளியிட்ட அறிக்கையின் சாரமும் இதுவே. ஆற்றுக்கும் அதனை நம்பி வாழும் மாந்தர்க்கும் வேண்டிய நீரின் அளவு, அது வரவேண்டிய காலம், அதன் தூய்மை ஆகிய மூன்றையும் வரையறுக்க வேண்டும் என்று அவர்கள் கூறினர். காலம் என்பது இம்மூன்றுள் நாம் மிகவும் மறந்தது. ஐப்பசியில் வரவேண்டிய புதுவெள்ளத்தைத் தடுத்துப் பங்குனியில் அதே அளவு நீரைத் திறந்துவிட்டால் கணக்குச் சரியாகும், மீன் பிறவாது.

இதனால் என் தந்தையார் ஊருக்கு நீர் வேண்டாமென்று சொன்னேனல்லேன். பொருநையைக் கருமேனியாற்றோடும் நம்பியாற்றோடும் இணைத்து வெள்ளநீரைத் தேரிப் பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் கால்வாய்த் திட்டத்தை அவ்வூரார் நெடுங்காலம் எதிர்நோக்கியிருந்தனர். பேரெள்ளம் வருங்கால் அதன் முடியைக் கிள்ளித் தேரிக்குக் கொடுத்தல் இருசாரார்க்கும் நலம். ஆயின் பருவத்தின் முதல் வெள்ளத்தையும், கோடையில் கழிமுகத்தை அடையும் சிற்றொழுக்கையும் தொடலாகாது. எவ்வளவு கிள்ளலாம், எதனைத் தொடலாகாது என்பதனைக் கூச்சலால் அறிய இயலாது. திங்கள்தோறும் அளந்தே அறியவேண்டும்.

அளத்தல் பெரிய நிறுவனங்களுக்கே உரியதென்று நாம் ஒதுங்குதல் வேண்டா. நீரிற் கரைந்த உயிர்வளியை அளக்கும் விங்கிளர் முறை 1888 முதல் வழங்கிவருவது; நம் இரசாயன சாலையில் உள்ள கண்ணாடிக் கருவிகளே அதற்குப் போதும். உப்பின் அளவை வெள்ளி நைத்திரேட்டுக் கொண்டு காண்பது இடைநிலை வகுப்பு மாணவரும் செய்யும் சோதனை. திங்கள்தோறும் ஒருநாள் ஸ்ரீவைகுண்டம் முதற் புன்னைக்காயல் வரையில் ஐந்தாறு துறைகளில் நீரெடுத்து அளந்து, அதனை இவ்வாண்டு மலரிலேயே ஆண்டுதோறும் பதிப்பித்து வருவோமாயின், பத்தாண்டில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு செல்வம் நம் கல்லூரியின் கையில் இருக்கும். விலங்கியல் மாணவர் சந்தைக்குச் சென்று எம்மீன் எத்திங்களில் வருகின்றது என்று குறித்துவரலாம்.

தமிழ் மாணவனாகிய எனக்கு இதில் என்ன வேலை என்று என் வகுப்பினர் நகைப்பர். வேலை உண்டு. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் டேலி, மிச்சல், ஃபிட்ஸ்ராய் ஆகிய ஆறுகளை 2007 முதற் பல ஆண்டுகள் ஆராய்ந்தோர், அந்நிலத்துப் பழங்குடியினரின் அறிவையும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியாகக் கொண்டனர். டேலி ஆற்றங்கரையில் வழங்கும் ஙன்கி மொழியினர், ஈட்டிப்புல்லின் வளர்ச்சிப் படிகளைக் கொண்டு பருவங்களுக்குப் பெயரிட்டு, எப்பருவத்தில் எம்மீன் கொழுத்திருக்கும் என்பதை வழிவழியாக அறிந்தவர். மூத்தோர் கூற, அவ்வறிவு 2009இல் ஒரு பருவ அட்டவணையாக எழுதப்பட்டது. அம்மொழி பேசுவோர் தொகை மிகச் சிறிது. நம் மொழியோ நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளென வைத்து, அவ்வந்நிலத்து மரமும் புள்ளும் விலங்கும் தொழிலும் கருப்பொருளெனத் தொகுத்த தொல்காப்பியத்தை உடையது. ஆயினும் நம் ஆற்றங்கரை உழவரும் பரதவரும் அறிந்த பருவக்குறிகளைத் தொகுத்தோம் அல்லேம்.

பழம்பெருமை பேசி மார்தட்டுதல் ஆராய்ச்சியாகாது. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்பதும், முன்னோர் ஒன்றும் அறியார் என்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். கசம், மடு, துறை, கழி, மடை, மறுகால் என்று ஆற்றங்கரையில் வழங்கும் சொற்களை முதியோர் வாயினின்று கேட்டெழுதி, ஒவ்வொன்றும் குறிக்கும் இடத்தையும் காலத்தையும் உயிரையும் விஞ்ஞான மாணவரோடு சென்று பார்த்துப் பொருந்துவதைக் கொள்ளவும் பொருந்தாததைத் தள்ளவும் வேண்டும். என் ஆச்சிக்கு வயது எண்பது. அவரோடு போகக்கூடிய சொற்கள் பல.

அச்சொற்களுள் 'மறுகால்' என்பதனை எடுத்துக்கொண்டு இக்கட்டுரையை முடிப்பேன். ஒரு குளம் நிரம்பியபின் மிகுந்த நீர் வழிந்து செல்லும் வழிக்கு நெல்லைச் சீமையார் மறுகால் என்று பெயரிட்டனர். மறுகால் பாய்ந்தது என்று கேட்டால் ஊரார் மகிழ்வர். நீர் வீணாயிற்று என்று எவரும் அழுததில்லை. ஏன்? அது கீழ்க்குளத்தின் வரவு என்பதனை அவர் அறிவர். மேற்குளத்தான் மறுகாலை அடைத்தால் வழக்கும் வம்பும் வரும். கீழ்க்குளத்தானுக்கும் அந்நீரில் உரிமையுண்டென்பதே ஊர்முறை. திருவள்ளுவரும் வான்சிறப்பைக் கூறுமிடத்து, மழை வாராவிடிற் கடலுங்கூட வளங்குறையும் என்னும் கருத்தை வைத்துள்ளார். ஆகவே கடலும் ஒரு குளமே. நம் ஆற்றுக்குக் கடைசிக் குளம். அதன் கரையிலும் குடிகள் உண்டு. அவர்க்கும் மறுகாலில் உரிமை உண்டு.

அடுத்த ஆண்டு இதே பொருளில் மீண்டும் சொற்போர் நிகழுமாயின் யான் வெட்டிப் பேச முன்வருவேன். ஒட்டிப் பேச வருவோர் ஒன்று செய்தல் வேண்டும். புன்னைக்காயலுக்குச் செல்லும் பேருந்தில் ஒரு கோடைநாளிற் சென்று, அங்குள்ள ஒரு கிணற்றினின்று ஒரு குவளை நீர் பருகிவிட்டு மேடை ஏறுக. அதன்பின் அவர் கூறுவதைக் கேட்கக் காத்திருக்கின்றேன்.